இருபது ஆறான நாள்

"இருபது போடுறவர் இன்னைக்கு ஆறு போட்டிருக்கார். அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு" என்று அண்ணி சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"யாரு அண்ணி, உங்க அரைத்தூக்கமா?"

"வேற யாரு?"

பம்ப் ரூமில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. இருபது மாடிக் குடியிருப்பு அது. மேலே லிஃப்ட்டுகளைப் பார்த்துக்கொள்பவள் அண்ணி. கீழே தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்பவள் அவளுடைய நாத்தனார். மதியச் சாப்பாடு மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்.

இரண்டரை வருடமாக அண்ணி தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் எழுதுகிறாள். லிஃப்ட் எப்படி இயங்குகிறது என்று வாரம் ஒரு பதிவு. பிளாக்செயினில், அதாவது யாரும் அழிக்க முடியாத பொதுக் கணக்கேட்டில், நடக்கும் தளம் அது. லைக்குக்குப் பதில் அங்கே ஓட்டு. ஓட்டு விழுந்தால் எழுதியவருக்கு நாணயம் சேரும்; போட்டவருக்கும் ஒரு பங்கு உண்டு. யார் அதிக நாணயத்தைத் தன் கணக்கில் பூட்டி வைத்திருக்கிறாரோ, அவர் ஓட்டுக்கு எடை அதிகம்.

முதல் ஒன்றரை வருடம் அண்ணியை நாய்கூடச் சீந்தவில்லை. போன வருடம்தான் 'அரைத்தூக்கம்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். வாராவாரம் தவறாமல் ஓர் ஓட்டு, இருபது நாணயம். இன்று ஆறு.

"சூப்பர்வைசர் ரெண்டு மணிக்குள்ள பதில் கேட்டிருக்கார். காலை ஷிஃப்ட்டை எடுத்துக்கறேன்னு சொல்லிடப் போறேன்."

"அப்ப எழுதறது?"

"அந்த நேரத்துலதானே ஷிஃப்ட்டு. படிச்ச ஒரே ஆளுக்கும் அலுத்துப் போச்சு. இனி யாருக்காக எழுத, உங்கண்ணனுக்கா? தலைப்பைப் பார்த்தாலே கொட்டாவி விடுவார்."

"எங்கண்ணன் கல்யாணத்தன்னைக்கே கொட்டாவி விட்டவர். அவரை விடுங்க." நாத்தனார் கை கழுவிவிட்டுப் போனை வாங்கினாள். "ஆறுன்னா அலுப்புன்னு யார் சொன்னது? ஓட்டோட பலம் குறைஞ்சிருக்கலாம்ல?"

"அவர் பூட்டி வச்சது அப்படியேதான் இருக்கு. பார்த்துட்டேன்."

"அது தொட்டியோட அளவு. உள்ள தண்ணி எவ்வளவுன்னு பார்த்தீங்களா?"

அண்ணி நிமிர்ந்தாள்.

"ஒவ்வொரு ஓட்டுக்கும் குழாயைத் திறக்கறோம்னு வச்சுக்கங்க. தொட்டியில இருக்கிற தண்ணியில நூத்துல ரெண்டு பங்கு வெளிய வரும். தொட்டி நிறைஞ்சிருந்தா அந்த ரெண்டு பங்கே பெருசு. பாதித் தொட்டின்னா அதுவும் பாதி."

"மறுபடி எப்ப நிறையும்?"

"ஒரு நாளைக்கு நூத்துல இருபது பங்கு தானா ஊறும். தினம் பத்து ஓட்டுன்னா தாங்கும். கண்டபடி திறந்தா தரை தட்டிரும்."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எது எப்படி ஓடுகிறது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் நிற்காது.

நாத்தனார் அரைத்தூக்கத்தின் பக்கத்தைத் திறந்தாள். "இதோ. ஓட்டு பலம் முப்பது சதவீதம். இருபதுல முப்பது சதவீதம் எவ்வளவு?"

"ஆறு!"

"பார்த்தீங்களா? அவர் உங்களைக் குறைக்கல. தொட்டி காலி." கால்குலேட்டரைத் தட்டினாள். "நூறு முப்பதாகணும்னா, நடுவுல ஊறினதையும் சேர்த்து, நேத்துலேர்ந்து எழுபது ஓட்டாவது போட்டிருக்கணும்."

அண்ணியின் முகம் மறுபடி சுருங்கியது. "எழுபது பேருக்கா? இதுக்கு அலுப்பே தேவலாமே. ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்துட்டு மிச்சத்தை எனக்கு ஊத்தியிருக்கார்."

"யார் அந்த எழுபது பேருன்னு பார்த்துருவோம். பிளாக்செயின்ல ஒளிக்க முடியாது. யார் ஓட்டையும் யாரும் பார்க்கலாம்."

பம்ப் ரூமில் சிக்னல் நொண்டியது. இருவரும் படியேறி வாசலுக்கு வந்தார்கள். மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

பட்டியல் திறந்தது. நாத்தனார் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சட்டென்று நின்றாள்.

"அண்ணி, எழுபது பேரில்ல. ஒரே ஆள்தான்."

"யாரு?"

"நீங்க. அவர் வர்றதுக்கு முன்னாடி எழுதினீங்களே, ஒரு ஓட்டுகூட விழாம, அது அத்தனைக்கும் போட்டிருக்கார்."

"பழசுக்கா? ஏழு நாள் தாண்டின பதிவுக்கு ஓட்டுப் போட்டா நயா பைசா வராதே!"

"அதான் சொல்றேன். உங்களுக்கும் லாபமில்ல, அவருக்கும் லாபமில்ல. தொட்டித் தண்ணி பூரா சாக்கடைக்கு. விவரம் தெரிஞ்ச எவனும் பண்ண மாட்டான்."

அண்ணி போனை வாங்கி சூப்பர்வைசரை அழைத்தாள்.

"சார், காலை ஷிஃப்ட் வேண்டாம் சார்... இல்ல சார், உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... காலையில எனக்கு வேற வேலை இருக்கு சார்."

போனை வைத்ததும் நாத்தனார் சிரித்தாள். "எங்கண்ணன்கிட்ட சொல்லட்டுமா, உங்களுக்காகத் தொட்டியைக் காலி பண்ற ஆள் ஒருத்தர் இருக்கார்னு?"

"சும்மா இருடி. ஒரு வருஷமா என்னை விடாமப் படிச்ச மனுஷன். ஒரு நன்றியாவது சொல்லணும்."

இன்றைய பதிவைத் திறந்தாள். அடியில் அரைத்தூக்கமே முந்திக்கொண்டு எழுதியிருந்தார். நாத்தனார் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்:

"நேற்று எங்கள் அலுவலக லிஃப்ட்டில் மூன்று மணி நேரம் சிக்கிக்கொண்டேன். கயிறு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் போனில் தேடியபோது உங்கள் பதிவு ஒன்று கிடைத்தது. அதைப் படித்துப் பயம் போனது. மற்றவற்றை ஆசையில் படித்தேன். வீட்டுக்கு வந்தும் நிறுத்த முடியவில்லை; படித்த பழையவற்றுக்கெல்லாம் ஓட்டுப் போட்டேன். ஓட்டுப் போட்டால் எனக்கும் ஒரு பங்கு வரும் என்று போன வருடம் கண்ணை மூடி ஒரு பெயரைத் தொட்டு, தானாக ஓட்டுப் போடும் தானியங்கி ஒன்றை அமைத்துவிட்டுப் போனவன் நான். அது உங்கள் பெயர் என்பதே நேற்றுதான் தெரிந்தது. வாராவாரம் இருபது போட்டது அந்தத் தானியங்கி; அதை நேற்றே நிறுத்திவிட்டேன். இன்றைய ஆறுதான் நான் போட்டது."