தொட்டில் அறை

வீட்டு வரைபடம் போடும் சின்ன அலுவலகத்தின் பக்கத்து அறையைக் கம்ப்யூட்டர்காரர் எட்டிப் பார்க்கிறார். சன்னல் வெயில் தொட்டிலுக்கு வெளியே நீண்ட ஒரு பிஞ்சுக்காலில் வந்து முடிகிறது. எல்லார் கோப்புகளையும் ஒரே இடத்தில் வைக்க சர்வர் வாங்கவேண்டும் என்பது குழந்தையின் அம்மாவுடைய நாத்தனாரின் ஆசை. அது இரையும், சூடாகும், தனி அறை கேட்கும். இருப்பதோ குழந்தை தூங்கும் இந்த ஒன்றுதான். குழந்தையின் அம்மா தொட்டிலை மறைத்தபடி நிற்கிறாள். "ஃபைல் வைக்கத்தானேம்மா? மூணு பேருக்கு எதுக்கு சர்வர்? நெட்வொர்க் ஸ்டோரேஜே தாராளம்," என்று கம்ப்யூட்டர்காரர் டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி ஒன்றை அலமாரியில் வைத்து இணைக்கிறார். பச்சை விளக்கு சிமிட்டுகிறது, சத்தமே இல்லை. நாத்தனார் உதட்டைப் பிதுக்குகிறாள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. பென்டிரைவ் கைமாறிய இத்தனை காலமும், ஒருவர் திருத்தியதை இன்னொருவர் கெடுக்காமலிருக்கக் கத்துவதும், குழந்தை வீறிட்டு எழுவதுமே இங்கே வழக்கம். இப்போதும் அம்மா படத்தைத் திறந்ததும், "மாடிப் படம் என்கிட்ட, யாரும் தொடாதீங்க!" என்று கத்த மூச்சை இழுக்கிறாள். "ஸ்ஸ்... நீங்க திறந்திருக்கீங்கன்னு இங்கயே காட்டுது அண்ணி," என்று எதிர்மேசையிலிருந்து நாத்தனார் கிசுகிசுக்கிறாள். இவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பிஞ்சுக்கால் அசையவேயில்லை.