நாமக்கல் புளுகு

"ஏனுங்க சம்பந்தி, நாமக்கல்லுல ஒரு பொடியனுக்கு ஒருநா காலையில வயித்துல ஆபரேஷன். மதியம் அவன் டாக்டரையே கட்டில்ல படுக்க வெச்சு, நாக்கை நீட்டச் சொல்லிப் பரிசோதனை பண்ணிப்போட்டானுங்க!"

ஆட்டையாம்பட்டி வந்து சேர்ந்ததும் நவநீதகிருஷ்ணன் அவிழ்த்துவிட்ட முதல் புளுகு அது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்தால் அவருக்கு வாய் ஒரு முழம் நீண்டுவிடும்.

மடியிலிருந்த பேரனுக்கு முறுக்கை நொறுக்கி ஊட்டியபடி சம்பந்தி சின்னண்ணன் சிரித்தார்.

"பொடியனுக்கு என்ன வயசுங்க?"

"ரெண்டு."

"பேச்சே வந்திருக்காதேங்க!"

"சைகையிலதானுங்க! கேளுங்க. விதைக்கொட்டை ஒண்ணு பையில எறங்காம வயித்துக்குள்ளயே நின்னுபோச்சு. கடுகாட்டம் மூணு ஓட்டை. ஒண்ணுல கேமரா. பூனையாட்டம் உள்ள போயி, விதையைத் தேடிப் புடிச்சு, கீழ எறக்கித் தச்சுப்போட்டாங்க. இந்த டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுதுங்க!"

சின்னண்ணனின் சிரிப்பு நின்றது. அவர் பேரனுக்கும் அதே குறைதான்.

"எங்க சுத்தி எங்க வாரீங்கன்னு தெரியுதுங்க. எம்பட பேரன் மேல கத்தி படக் கூடாது. இருக்கறது ஒத்தைப் பேரன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா வம்சமே நின்னுபோகும். வளர வளரத் தானா எறங்கும்."

"ஆறு மாசத்துக்கு மேல தானா எறங்காதுன்னு டாக்டர் சொல்றாருங்க. உள்ளயே உட்டாத்தான் கெட்டுப்போகுமாமுங்க."

சமையலறை வாசலில் நவநீதகிருஷ்ணனின் மகள் தனப்பிரியா மாமனார் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"சரி, அந்தப் பொடியன் இப்ப எப்படி இருக்கறான்?"

"ஊட்டையே ரெண்டாக்கறானுங்க."

"புளுகு! அவனைக் கண்ணுல காட்டுங்க, நம்பறேன்."

நவநீதகிருஷ்ணன் மகளைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"உங்க மடியில உக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருக்கறானுங்க. போன மாசம் திருவிழான்னு எங்க ஊட்டுக்கு வந்தாங்களே, அப்பத்தான் ஆபரேஷன் பண்ணுனமுங்க. மாப்பிள்ளையும் கூடவே இருந்தாருங்க."

சின்னண்ணன் பேரனின் சட்டையைத் தூக்கினார். வயிற்றில் கடுகு ஒட்டியதுபோல் தழும்புகள். கோபம் குபுகுபுவென்று ஏறி வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். பேரன் அதில் ஒரு முறுக்கைத் திணித்தான்.

மென்று விழுங்கி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"நெசந்தானுங்க சம்பந்தி, எல்லாமே நடந்துதான் இருக்குது," என்றார். "எம்பட பேரனாச்சே... டாக்டரைப் படுக்க வெச்சிருப்பான்!"