போயிட்டு வரோம்

“ஆஷா, உன் மாமியார் லட்சணத்தைக் கொஞ்சம் பாரும்மா.”

மாமனார் சேஷன் ரிமோட்டை அமுக்கினார். டிவியில் ஓடிக்கொண்டிருந்த, அவர் எடுத்து வந்த பயணப் படம் அப்படியே நின்றது.

ஸ்பெயினில் ரோண்டா என்கிற பழைய ஊர். செங்குத்துப் பாறை விளிம்பில், எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும்படி வீடுகள். அதில் ஒரு வீட்டு வாசலில் வயசான அம்மாள் ஒருத்தி கையாட்டிக்கொண்டு நிற்கிறாள். விஜயலக்ஷ்மியோ திரும்பிக்கூடப் பார்க்காமல் பையோடு தெருக்கோடிக்கே போய்விட்டாள்.

“அவ பேரு தெரேசா. அவ ஆத்துலதான் தங்கினோம். கிளம்பற அன்னிக்கு ரொட்டி ஆறிப்போச்சுன்னு திருப்பி அனுப்பினேன். மூஞ்சி சுளிக்காம மறுபடி சுட்டுக்கொண்டு வந்தா. அப்பேர்ப்பட்டவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிண்டு கிளம்பப்படாதோ?”

ஆஷாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்த புதிது. கிழக்கேகோட்டையில் இந்த வீட்டிலேயே இருப்பதா, கழக்கூட்டத்தில் தனியாக ஃபிளாட் பார்ப்பதா என்ற முடிவைக் கணவன் சுமந்த் அவளிடமே விட்டிருந்தான்.

“கடைக்குப் போறேன்” என்று வாய்தவறிச் சொன்னால்கூட, “போயிட்டு வரேன்னு சொல்லு” என்று வாசல்வரை வந்து திருத்துகிற மாமியார் இவள். எல்லாம் ஊருக்குத்தான் உபதேசமா?

போனில் சுமந்துக்கு ‘ஃபிளாட்டே பார்த்துடலாம்’ என்று அடித்தாள். இன்னும் அனுப்பவில்லை.

“வாயில என்ன கொழுக்கட்டையா?” சேஷன் மனைவியை விடுவதாக இல்லை. “நான் அவளுக்கு நம்ம தமிழ்லயே சொல்லி, இங்கிலீஷ்ல அர்த்தமும் விளக்கிட்டு வந்தேன், கேட்டியா ஆஷா?”

விஜயலக்ஷ்மி பயத்தங்காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

“ரொட்டியைத் திருப்பி அனுப்பினேளே, அப்போ வெந்நீர் கேக்க உள்ளே போனேன். பக்கத்து ரூம் கதவு திறந்திருந்தது. கட்டில்ல அவ ஆத்துக்காரர். தலைமாட்டில மெழுகுவத்தி.”

“தூங்கிண்டிருந்திருப்பார்.”

“முகத்தை மூடிண்டா? விடியறதுக்குள்ள போயிருக்கார்.”

ஆஷா போனிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

“அடுப்புல உங்க ரொட்டி. அழுதுண்டே அதைப் புரட்டிண்டிருந்தா. என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைச்சுண்டு உதட்டுல விரலை வெச்சா. தூர தேசத்துலேர்ந்து வந்தவா, சந்தோஷமாப் போகட்டும்னு நினைச்சிருக்கா. அவ கையைக் கொஞ்ச நேரம் பிடிச்சுண்டேன். எனக்கு வேற என்ன பாஷை தெரியும்?”

சேஷன் அவள் பக்கம் திரும்பினார். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே...”

“விரலை வெச்சாளே. நீங்க இப்படிப் படம் போட்டுக் கேக்கலேன்னா இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்.” அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். “சாவு விழுந்த ஆத்துலேர்ந்து யாராவது சொல்லிண்டு கிளம்புவாளா?”

ஆஷா அடித்து வைத்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

சேஷன் கையிலிருந்த ரிமோட் நழுவி விழுந்தது. படம் ஓட ஆரம்பித்தது. தெரேசா இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து சேஷனின் குரல் சிரிப்பும் கும்மாளமுமாகக் கூடம் முழுக்கக் கேட்டது.

“போயிட்டு வரோம் தெரேசா. இதே மாதிரி திரும்பத் திரும்ப வரணும். போயிட்டு வரோம்.”