இடது கண்

"மறுபடியும் கண்ணை மூடிட்டீங்க!"

பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தவர், 'க்ளிக்' சத்தம் கேட்டதும் இந்த முறையும் இடது கண்ணை மட்டும் மூடியிருந்தார். காலையிலிருந்து இதே கூத்து. கேமராவைத் தூக்கித் தூக்கி அவளுக்குக் கை கடுத்ததுதான் மிச்சம்.

"லைட்டு இடப்பக்கம் தூக்கலா இருக்கு. தள்ளி வச்சா சரியாயிடும்," என்றார் அவர்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! முணுமுணுத்தபடி விளக்கைத் தள்ளி வைத்தாள். க்ளிக். இடது கண் மூடியிருந்தது.

"கொஞ்சம் கீழ இருந்து எடுத்தா..."

"எடுக்கிறது நானா, நீங்களா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அடுத்த க்ளிக்கில் கண்ணையும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினாள். 'கண்ணை மூடினால் ஸ்டுடியோ பொறுப்பல்ல.'

"அதைப் படிச்சீங்களா?"

"நான் எழுதி மாட்டினதை எனக்கே காட்டுறியா?"

"எழுதினா போதுமா? ஊரையே கண்ணை மூடாதேன்னு விரட்டுறீங்களே! இன்னிக்குப் படம் அனுப்பலைன்னா, பேத்தியைப் பார்க்க நான் தனியாத்தான் விமானம் ஏறணும்."

ஸ்டுடியோக்காரரின் முகம் தொங்கிப்போனது. "நான் என்னடி பண்றது? கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இந்தத் தொழில். வலது கண்ணைக் கேமராவுல வச்சு, இடது கண்ணை மூடி மூடிப் பழகிப்போச்சு. க்ளிக்னு கேட்டாலே அது தானா மூடிக்குது."

அவள் கேமராவை மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்போ, நம்ம கல்யாண ஆல்பத்துல?"

"அதுலயும் இதேதான்."

"படத்துக்குப் படம் எனக்குக் கண்ணடிச்சிருக்கீங்கன்னு இத்தனை வருஷமா நம்பிக்கிட்டிருந்தேனே, பாவி மனுஷா!"