மணலில் கிடக்கும் மிதவை

வானிலை அலுவலகத் திரையில் காலையிலிருந்து அலை உயரம் பூஜ்யம். "கடல் தூங்குது, தைரியமா கிளம்பு" என்று படகில் பக்கத்துத் தீவுக்குப் போகும் தன் மனைவியிடம் அதிகாரியே சொல்லியிருக்கிறார். இப்போது அலுவலகத்தின் கடலோரக் கொல்லைப்புறத்திலிருந்து காவலாளி, "சார், இது நம்மளுதா பாருங்க!" என்று கத்துகிறார். ஓடிவந்த அதிகாரி படியிலேயே நின்றுவிடுகிறார். நடுக்கடலில் நின்று அலையை அளக்க வேண்டிய மஞ்சள் மிதவை, சங்கிலி அறுந்து, வேலியோரம் மணலில் சாய்ந்து கிடக்கிறது. அதன் உச்சி விளக்கு சமர்த்தாகக் கண் சிமிட்டுகிறது. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் உள்ளே திரையில் இன்னொரு பூஜ்யம் விழுகிறது. பவளத்திட்டுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கோடு எழுந்து எழுந்து உடைகிறது. கைபேசி அடிக்கிறது. காற்றின் இரைச்சலுக்கு மேல் மனைவியின் குரல் கேட்கிறது: "கிளம்பியாச்சுங்க! படகுக் கேப்டன் ரொம்பத் தயங்கினார். எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டார்னு நான்தான் கிளப்பிவிட்டேன்!"