முதல் வளையல்

மலர்க்கொடியின் வளைகாப்பில் கூடத்தில் இருந்தவர்கள்: மனையில் மலர்க்கொடி, எதிரே மாமியார் தங்கம்மாள், அவருடைய ஓரகத்தி வைரக்கண்ணு, பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம், தெருப் பெண்கள். வளையல் தட்டோடு சுவரோரம் நின்ற மூத்த மருமகள் இசைவாணியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பிள்ளை இல்லாதவள் தட்டைத் தூக்கலாம். வளையல் போடக் கூடாது.

“யாருக்குடி வளைகாப்பு?” என்றார் வைரக்கண்ணு. “வயித்தப் பாத்தா மூத்தவளுக்குன்னுல்ல தெரியுது!”

கூடம் சிரித்தது. மெஹராஜ் பேகம் மட்டும் சிரிக்கவில்லை.

“சோத்தக் கொறடி. நீர்க்கட்டி தானாக் கரைஞ்சிடும்,” என்றார் வைரக்கண்ணு மறுபடியும்.

கல்யாணம் ஆன நாளாய்க் கேட்கும் பேச்சு. இசைவாணி தட்டைக் கீழே வைத்தாள்.

“ராத்திரி சோத்த விட்டு வருசமாச்சு, சின்னத்தை. ஹார்மோன் கெட்டா ஒடம்பு ஏறுது. ஏறுன ஒடம்பு ஹார்மோன இன்னும் கெடுக்குது. ஒண்ணுக்கு ஒண்ணு மடை தொறந்து விடுது. நான் எந்த மடைய அடைக்கறது, நீங்களே சொல்லுங்க.”



இனி உள்ளே போகச் சொல்வார்கள். சொல்லட்டும். அவள் நகரவில்லை.

தங்கம்மாள் எழுந்தார். பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து, இசைவாணியின் கையைப் பற்றினார்.

“வேணாம் அத்தே, ஒடைஞ்சிடும்.”

வளைகாப்பில் வளையல் உடைந்தால் அந்தப் பழி சாகும்வரை அவள் தலையில்தான். கையை இழுத்தாள். மாமியார் விடவில்லை.

வளையல் எங்கும் இடறாமல் மணிக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

“எங்க வீட்டு மருமக ஒடம்ப அளக்கறதுக்கு நான் எவளுக்கும் வெத்தல பாக்கு வைக்கல,” என்றார் தங்கம்மாள். “மலருக்கு மொத வளையல நீ போடு, இசை.”

மலர்க்கொடி இரண்டு கைகளையும் நீட்டினாள். “சீக்கிரம் போடுங்கக்கா, இடுப்பு கழண்டுடும் போலருக்கு.”

இசைவாணி போட்டாள்.

வைரக்கண்ணு கிளறிவிட்ட ஆத்திரத்தில், கைக்கு அகப்பட்ட வளையலைத் தங்கம்மாள் மூத்தவளுக்கு மாட்டிவிட்டார் என்று நடவு வயல் வரைக்கும் பேச்சு.

தவறு. மலர்க்கொடிக்கு வாங்கியதெல்லாம் சின்ன அளவு, இரண்டு நாலு. இசைவாணியின் கையில் ஏறியது பெரிய அளவு, இரண்டு பத்து. முந்தின வாரமே கும்பகோணம் கடைத்தெருவில் தங்கம்மாள் தனியே கேட்டு வாங்கியது.