முகத்தில் ஒட்டிய பழம்

"ஏலே பாலகுரு, அந்தக் கண்ணாடிய அங்கிட்டுத் திருப்பி வையி. என் மூஞ்சிய என்னாலயே பாக்க முடியல."

நாரணாபுரத்தில், தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடி அய்யம்மாள் மகனுக்கு ஆணையிட்டார். அவரது கன்னங்கள் இரண்டும் செக்கச் சிவந்து வீங்கியிருந்தன. நெற்றியெங்கும் தடிப்பு. மறுநாள் வெம்பக்கோட்டையில் தம்பி மகளுக்கு வளைகாப்பு. சபையில் முன்னால் நின்று முதல் வளையலைப் போட வேண்டியவர் அவரே.

மருமகள் பானுப்பிரியா அடுக்களை வாசலில் தலைகுனிந்து நின்றிருந்தாள். அவள் விருதுநகரில் முறையாக அழகுக்கலை பயின்று சான்றிதழ் பெற்றவள். பட்டாசுக் குழாய் சுற்றுவதற்கான காகிதக் கட்டுகள் அடைத்துக் கிடக்கும் முன்னறையில் ஓர் அழகு நிலையம் தொடங்க வேண்டும் என்பது, கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுக்கிருந்த ஆசை.

"மொதல்ல என் மூஞ்சியில செஞ்சு காட்டு. நல்லா வந்தா ரூமை எடுத்துக்கோ" என்று மாமியார் வாக்களித்திருந்தார்.

வந்திருந்த லட்சணம் இது.

"அந்தப் பழத்தப் பத்திப் போன்ல என்னலே போட்டுருக்கு? சத்தமா வாசி" என்றார் அய்யம்மாள்.

பாலகுரு செய்தி வாசிப்பவரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அவகாடோ, அதாவது பட்டர் புரூட்டு. சிலருக்குத் தோல்ல அரிப்பு, தடிப்பு, வீக்கம் வரலாமாம்."

"வந்துருச்சு. அடுத்து?"

"பலூன், ரப்பர் கையுறை ஒத்துக்காதவுகளுக்கு இந்தப் பழமும் ஒத்துக்காம போகலாமாம்."

"நான் எந்தக் காலத்துலலே பலூன் ஊதுனேன்?"

"வயிறு உப்புமாம். அளவுக்கு மீறித் தின்னா வெயிட்டு போடுமாம்."

"தின்னவுகளுக்குத்தானலே? நான் பூசத்தான செஞ்சேன்!"

பாலகுரு மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பேசியை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

பானுப்பிரியா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாய் திறந்தாள். "அத்தே, முந்தாநாளே உங்க முழங்கை மடிப்புல அந்தப் பழத்தத் தடவி வச்சுப் பாத்தேன்ல. ஒத்துக்காதுன்னா அங்கனயே தடிச்சிருக்கும். ஒண்ணும் செய்யலையே."

"முழங்கையும் மூஞ்சியும் ஒண்ணாத்தா?"

"நானே பூசி விடுதேன்னு சொன்னேன். நீங்கதான் வேண்டாம்னுட்டீக."

"மருமக மூஞ்சியத் தடவ, மாமியார் மல்லாக்கப் படுத்துக் கெடந்தா தெருவே சிரிக்காதா?"

அதுவும் நியாயமே என்று பானுப்பிரியாவுக்குத் தோன்றியது. முந்தின நாள் சாயங்காலம், பழத்தைத் தயிர்விட்டு மசித்துக் கிண்ணத்தில் எடுத்துப் போய், கொல்லையில் வெடிக்குழாய் சுற்றிக்கொண்டிருந்த மாமியாரின் பசைக் கிண்ணத்துக்கு அருகில் வைத்தாள். பிறகு மாவு மில்லுக்குப் போய்விட்டாள். போன சற்று நேரத்தில் கரண்டு போய்விட்டதாம். அய்யம்மாள் அதற்கெல்லாம் அசருகிறவர் அல்லர். இருட்டிலேயே முகத்தில் பூசிக்கொண்டு, பூசிய முகத்தோடே மீதிக் குழாய்களையும் சுற்றி முடித்துவிட்டாராம்.

"கெட்டியா காஞ்சு ஒட்டிக்கிட்டு வருவேனாங்குது. வெந்நி ஊத்தி ஊற வச்சு ஊற வச்சு எடுத்தேன். தோலே உரிஞ்சு வந்துரும்போல இருந்துச்சு."

"ஒட்டுச்சா?" பானுப்பிரியா குழம்பினாள். "அது எண்ணெய்ப் பசை உள்ள பழம்த்தே. துணிய நனைச்சுத் தொடச்சாலே வழுக்கிக்கிட்டு வந்துருமே."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா? மருந்துலயும் பசையிலயும் கெடந்து காய்ச்சுப்போன ஒடம்புத்தா இது. கந்தகம் ஒண்ணும் செய்யல, வெடியுப்பு ஒண்ணும் செய்யல. ஒன் பழம் ஒரே ராத்திரியில வேலையக் காட்டிருச்சு. இத நம்பி நாலு பொம்பளைய வீட்டுக்குள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சா, சிவகாசிக் கோர்ட்டுலதான் நான் ஒக்காரணும்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா" என்றான் பாலகுரு.

"போவோம். அதுக்கு முன்னால ஒண்ணு. பியூட்டி பார்லர்ங்கிற பேச்சு இந்த வீட்டுல இன்னையோட சரி."

பானுப்பிரியாவின் கண்கள் நிறைந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் வண்டி நிற்கும் ஓசை கேட்டது. வீடு வீடாகச் சென்று கம்பெனிக்காகக் குழாய் வாங்கிப் போகும் சங்கையா, ஒரு சாக்குடன் உள்ளே வந்தார். அய்யம்மாளைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார்.

"யக்கா! என்னக்கா இது, குளவி கொட்டிருச்சா?"

"பழம் கொட்டிருச்சு. நீ வந்த சோலியச் சொல்லு."

சங்கையா சங்கடத்தோடு சாக்கைத் தரையில் வைத்தார். "நேத்து ராத்திரி எடுத்துட்டுப் போன குழாய்ல, கடைசியாச் சுத்துன இந்தச் சாக்க மட்டும் போர்மேன் திருப்பி அனுப்பிட்டாரு. ஒண்ணுகூட ஒட்டல. அம்புட்டும் பிரிஞ்சு கெடக்கு."

"என் கையால சுத்துன குழா பிரிஞ்சதா? ஏலே சங்கையா, யார்கிட்டப் பேசுதே?"

"நானும் அதத்தான் சொன்னேன். ஆனா எறும்புல்ல மொய்க்கு! நம்ம பசையில மயில்துத்தம் கெடக்கு, விஷம். எறும்பு கிட்ட வருமாக்கா?"

பானுப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து சாக்கை முகர்ந்து பார்த்தாள். தயிர் வாடை.

சங்கையா பிரிந்த தாள் ஒன்றை உருவி, ஆறுதலாக நீட்டினார். "ஒண்ணு சொல்லணும்க்கா. தாளு மட்டும் என்னமா இருக்கு, பாருங்க! தொட்டா வழுக்குது, அப்படி ஒரு மினுமினுப்பு."

அய்யம்மாள் அதை வாங்கி, விரலால் நிதானமாகத் தடவிப் பார்த்தார். பிறகு தம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏலே பாலகுரு, முன் ரூம்ல கெடக்க பேப்பர்க் கட்டத் தூக்கிக் கொல்லையில போடு" என்றார். "ஒண்ணுத்துக்கும் ஆகாத இந்தத் தாளையே அந்தப் பழம் இப்படி ஆக்கிருக்குன்னா, மூஞ்சியில பூசியிருந்தா எப்படி இருந்துருக்கும்!"